அக்கானி

ஒரு ராத்திரிக்கு என்றுதான் சொன்னார்கள்.
களியல் பக்கம், லயத்தில் மூன்றாவது கதவு.
எலிக்காய்ச்சலில் கண் மஞ்சளாகிப்போனவளை
ஆட்டோவில் ஏற்றும்போது
கத்தி பிடித்துக் காய்த்த கை
என் கையில் எதையோ திணித்தது.
நாலு வயசு, மூக்கொழுகல்,
ஒரு காலில் மட்டும் செருப்பு.

பதினொரு மணிக்கு எழுந்து உட்கார்ந்து
பானி என்றது பிள்ளை.
பானி, பானி.
என் காதுக்கு அது அக்கானி.
ஐப்பசி அடைமழையில்
எந்தப் பனையில் போய் ஏற?
வில்சன் வீட்டுக் கதவைத் தட்டிக் கருப்பட்டி வாங்கி
ஏலக்காய் தட்டிப் போட்டுக் காய்ச்சிக் கொடுத்தேன்.
தட்டிவிட்டது.
விடிந்ததும் குழாயடியில்
இரு கையும் குவித்து அது குடித்தபோதுதான் தெரிந்தது,
ராத்திரி முழுக்க ஒரு பிள்ளை
என் வீட்டில் வெள்ளம் கேட்டிருக்கிறது.

மூன்றாம் நாள் ஆசாரிப்பள்ளத்திலிருந்து போன்.
அதை எந்த மொழியில் சொல்வது?
மரச்சீனி உரித்துக்கொண்டிருந்தேன்.
உரித்ததையே திரும்ப எடுத்து உரித்தேன்.

பிர்சி என்பது பேர்.
சபையில் அதைப் பிரிசில்லா ஆக்கினார்கள்.
நான் வெகுநாள் 'ஏய்' என்றேன்,
பேர் சொன்னால் தங்கிவிடுவாளோ என்று.

எந்தக் கோயிலிலும் நான் தொட்டில் கட்டியதில்லை.
நாற்பத்தாறு வயசில்
பாயின் நட்டநடுவில் படுக்கிற சுகம்
எனக்குப் பிடித்தே இருந்தது.
மூன்று மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டினால்
முந்நூறு மரம், முந்நூறு சிரட்டை,
அப்புறம் யாருக்கும் நான் வேண்டாம்.
இப்போது இருட்டில் எனக்குப் பின்னால்
தூக்கம் கலையாத ஒரு தும்மல் நடந்து வருகிறது.

தலையில் பேன்.
தலையணைக்கடியில் ஒளித்துவைத்த சோற்றில் எறும்பு.
விற்கக் கட்டிவைத்த ஒட்டுப்பால் சாக்கில்
ஒருநாள் மூத்திரம் பெய்துவிட்டாள். அடித்தேன்.
அழவில்லை.
அழாததற்காக இன்னொன்று அடித்தேன்.
சாயங்காலம் பழம்பொரி வாங்கி
பிய்த்து ஊதி ஊதிக் கொடுத்தேன். தின்றாள்.
மன்னித்தாளா, பசியா,
இன்றுவரை தெரியாது.

நாகர்கோவில் அலுவலகத்தில் படிவம்.
தொழில்?
பால்வெட்டு.
மாடு எத்தனை என்று கேட்டார் அந்த அம்மா.
குழந்தைக்கு உறவு?
சுற்றுகிற ஃபேனைப் பார்த்தேன்.
அவரே அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டு
தற்காலிகம் என்று எழுதினார்.
சித்தப்பன் ஒருத்தன் உண்டாம் வடக்கே,
மாசம் ஒருதரம் கூப்பிட்டுப் பாருங்கள் என்று
நம்பர் தந்தார்.

பார்த்தேன்.
இந்தியில் ஒருத்தி அழகாக ஏதோ சொல்வாள்.
பிர்சிதான் எனக்குச் சொல்லுவாள்:
"அணைச்சு வச்சிருக்கு, கமலபாய்."
ஊரே கூப்பிடுகிற பேர்தான் அவளுக்கும்.
அந்தக் குரல்காரிக்கு நீண்ட ஆயுசு கொடு
என்று முழங்காலில் நின்று ஜெபித்திருக்கிறேன்.

போன மாசம் மணி அடித்தது.
முற்றத்தில் அவள்
கோழியைத் துரத்திக்கொண்டிருந்தாள்.
மூன்றாவது மணியில்
அந்தப் பக்கம் ஓர் ஆண் இருமினான்.
ஹலோ என்றான்.

துண்டித்துவிட்டேன்.
கை நடுங்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது.
"யாருக்க போனு?"
"தெரியாத ஆளு மக்களே."
சொம்பைத் தூக்கிக்கொண்டு வந்து
"வெள்ளம்" என்றாள், இந்த மண்ணில் பிறந்தவள் மாதிரி.

அதன்பிறகு அந்த நம்பர்
இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டது.
நாளை வியாழன், நாகர்கோவில் போகணும்.
போன ஓணத்துக்கு வாங்கிய செருப்பு
இறுக்குதாம் அவளுக்கு.
பஸ் ஸ்டாண்டு பக்கம் புதுசு வாங்கலாம்.
காலுக்குச் சரியாக வாங்குவதா,
அடுத்த வருஷத்துக்கும் ஆகிறாப்போல
ஒரு அளவு கூட்டியா.