காட்சி

அலுவலகப் படிவத்தில் அதற்கென்றே ஒரு கட்டம் உண்டு:
காட்சி.
ஆர்லீன் பீலின் வீட்டுக்கு நான்தான் எழுதினேன்,
முழு விரிகுடா, தடையில்லை.

பக்கத்து வீட்டைப் பாஸ்டன் பல்மருத்துவர் வாங்கினார்,
ஆண்டுக்கு மூன்று வாரம் வருவார்.
அவர் கொடுத்த விலை
வேலி தாண்டி இவள் கூரைமேல் ஏறிக்கொண்டது.
இவள் ஓர் ஆணியும் புதிதாய் அடிக்கவில்லை.

முறையீட்டு நாளில் வந்தாள்,
மட்டி தோண்டிய சேறு நகக்கண்ணில்.
"ஜூன் முழுக்க மூடுபனி. அந்த மாதத்தைக் கழியுங்கள்.
குளிருக்குச் சன்னலில் பிளாஸ்டிக் ஒட்டுகிறேன், அதையும்.
விற்றால்தானே விலை?
நான் விற்கவில்லை, பார்க்கிறேன்.
பார்ப்பதும் பாத்திரம் கழுவும் நேரத்தில்தான்."

குழுவில் ஒருவர் சிரித்தார்.
நான் கூட்டிக்கொண்டிருந்தேன்:
பள்ளிப் பேருந்துக்கு வேண்டிய தொகை குறையாது.
இவளுக்குத் தள்ளுவது
மேட்டுச் சாலையில், தகர வீட்டில் இருக்கும்
திபோடோவின் ரசீதில் போய் உட்காரும்.
அவன் சன்னலில் தெரிவது
ஊர்க் குப்பைமேடு.
அதற்குக் கட்டம் இல்லை.

பத்து விழுக்காடு குறைத்தோம்.
காரணம் என்ற இடத்தில்
என்ன எழுதுவது என்று தெரியாமல்
வானிலை என்று எழுதினேன்.