பதினேழாம் பக்கத்தில் பென்சில்

"கொலைகாரன் கடிகாரக்காரன்தான்" என்று
பதினேழாம் பக்க ஓரத்தில்
யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள்.
கதையில் இன்னும் பிணமே விழவில்லை.
பாவி, உருப்படுவாயா என்று வைதேன்.
சமையலறை விளக்கடியில் கொண்டுபோய்ப் பார்த்தால்
வால் தூண்டில்முள்ளாய் வளையும் அந்த எழுத்து
என்னுடையது.

ஹாப்சாலு நகர நூலகத்தில்
முதன்முதல் இதை நான் எடுத்தது
பத்தொன்பது வயதில் என்றால்
ஐம்பத்து நான்கு வருடம்.
அட்டை மாற்றியிருக்கிறார்கள், முதுகை ஒட்டியிருக்கிறார்கள்.
பென்சிலை யாரும் அழிக்கவில்லை.
வாசித்த ஞாபகம் துளியும் இல்லை,
எழுதிய திமிர் மட்டும்
விரல் நுனியில் அப்படியே இருக்கிறது.

அப்போது எனக்கு முடிவு போதும்.
வானம் கறுத்தது, நாணல் அசைந்தது என்று
ஒரு பத்தி தொடங்கினால்
சின்ன நிலையத்தில் நிற்காத ரயிலாய்த் தாண்டிவிடுவேன்.
கொதிகலன் கூடத்தில் இரவு வேலை.
அழுத்தமானியின் முள்ளில் ஒரு கண்,
துப்பறிவாளன் மேல் ஒரு கண்,
ராத்திரிக்கு ஒரு கொலை.

பிறகு ஒரு வசந்தத்தில் கல்யோ வந்தான்,
கூடவே கவிதை வந்தது.
இலையுதிரும் முன்பே இரண்டும் போயின.
பதினோரு வருடம்
வரி உடைந்த பக்கத்தைக் கண்டாலே பல் கூசியது.
குழாய்ப் பழுது வாசித்தேன். குழந்தைக் காய்ச்சல்,
வாடகைச் சட்டம்,
ஒரு கண்ணி தவறினால் அழுகை வரும்
கம்பளிப் பின்னல்.
மகள் மாரெ தூங்கிய பிறகும்
அவளுடைய நரிக்கதையை நான் விடாமல் வாசித்ததைக்
கணக்கில் சேர்க்கலாமா, தெரியவில்லை.

நாட்டின் கொடி மாறிய வருடங்களில்
செய்தித்தாள் மட்டும், மை விரலில் ஒட்ட ஒட்ட.
கதை எழுதுகிறவர்கள் மீது கோபம்கூட இருந்தது,
உங்களுக்கு வேறு வேலை இல்லையா என்று.

அறுபதில் விதைப் பட்டியல்கள்.
சும்மா சொல்லவில்லை,
"உறைபனி தாங்கும்" என்ற இரண்டு சொல்லுக்கு
நான் கண் கலங்கியிருக்கிறேன்.

இப்போது கொலையைத் தாண்டுகிறேன்.
முத்தம் வந்தால் கொட்டாவி.
ஆனால் நாற்பதாம் பக்கத்தில்
அந்தக் கடிகாரக்காரன்
எதிர்வீட்டு விதவையின் சுவர்க்கடிகாரத்தை ஓடவைத்து
காசு வேண்டாம் என்று
ஒரு கிண்ணம் முட்டைக்கோஸ் சூப் குடிக்கிறான்.
மூக்குக்கண்ணாடியில் ஆவி படிகிறது.
துடைத்துக்கொள்ளாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறான்.
மூன்று முறை வாசித்தேன்.
பத்தொன்பதில் இந்தப் பக்கத்தை
எச்சில் தொட்டுத் தள்ளியிருப்பேன்.

அவனாய் இருக்கக் கூடாதே.

அப்போதுதான் உறைத்தது.
அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும்,
வாய் திறந்தால் புளுகு.
இல்லாத அத்தைக்கு இரண்டு முறை சவ ஊர்வலம் நடத்தி
லீவு எடுத்தவள்.
அடுத்து வாசிப்பவரை அலைக்கழிக்கவென்றே
தப்பான ஆளைக் காட்டிக்கொடுக்கக் கூடியவள்.

எழுதினாயா, மைமு?
உண்மையைச் சொல்.

வெளியே விரிகுடாவில் பனி முறிகிறது.
அடுப்பில் உருளைக்கிழங்கு.
இன்னும் முப்பது பக்கம்.
கடைசிப் பக்கத்தை எட்டிப் பார்த்துவிடலாம்,
கை போகிறது, பாதியில் திரும்புகிறது.

விதவை வாசலில் நிற்கிறாள்.
மழை வரும்போல் இருக்கிறது அங்கே,
அதைப் பற்றி ஒரு நீளமான பத்தி.
மெதுவாக வாசிக்கிறேன்.