நாலு நாற்காலி

பீடோர் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
மோட்டார் சாமான் கடையின் மாடியில்
செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு
நாலு பிளாஸ்டிக் நாற்காலி.
ஒன்று எனக்கு.
ஒன்று யாழ்வினிக்கு, ஒன்பது வயது.
ஒன்று கவின்ராஜுக்கு; அவன் அதில் உட்காருவதில்லை,
அடியில் புகுந்து லாரி ஓட்டுவான்.
நாலாவது என் தம்பி குகனேசனுக்கு.
ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு
இழவு வீட்டுக்கு வந்தவன்போல் இருப்பான்.

அதற்கு முன்னால் கழிப்பறை.
வெள்ளை மூடிக் கோப்பை.
என் வாய் சொல்வதை அங்கே யாரும் எழுதிக்கொள்வதில்லை,
மூத்திரம் சொல்வதைத்தான்.
பரவாயில்லை.
பொய் சொல்லிப் பழகிய வாய்.

மிஸ் தேவமலர் எதையும் ஓங்கிக் கேட்பதில்லை.
"நாற்காலிய உங்க இஷ்டத்துக்குப் போட்டுக்குங்க"
என்றார் முதல் நாள்.
யாழ்வினி தன்னுடையதை இரண்டு கையாலும் இழுத்து
எனக்கும் தம்பிக்கும் நடுவில் போட்டாள்.
சிமெண்டில் அது உராய்ந்த சத்தம்
இன்னும் என் பல்லில் இருக்கிறது.

ஐஸைப் பற்றிக் கேட்டார். சொன்னேன்.
கையுறை ஆலையில் இரட்டை ஷிப்ட்,
கண் சொருகாமலிருக்க ஒரு சிநேகிதி தந்தது,
பிறகு எழுந்து நிற்பதற்கே அது,
பிறகு எதற்கென்று தெரியாமல் அது.
பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார்.
நான் வாயைத் திறக்குமுன் யாழ்வினி சொன்னாள்:
"மைலோ டின்ல அடியில கொஞ்சம் எப்பவும் வச்சிருப்பேன்.
தம்பிக்குத் தெரியாது.
அம்மாவுக்கும் தெரியாது."
தோட்டத்துக் கிராணி செக்ரோல் வாசிப்பதுபோல்
ஒவ்வொன்றாகச் சொன்னாள்.
பால் புட்டி. பம்பஸ்.
பக்கத்து வீட்டு மக்சிக் ஜன்னல் வழியாகக் கொடுத்த
நாசி லெமாக் இரண்டு பொட்டலம்.
மூன்று நாள் வெளியே பூட்டியிருந்த கதவு.
குகனேசன் ஹெல்மெட்டுக் கண்ணாடியை
மேலே தள்ளினான், கீழே இழுத்தான்.

எனக்கு வீட்டுப்பாடம் கொடுத்தார் மிஸ்:
தினமும் பத்து நிமிஷம்
புள்ளைங்க விளையாடட்டும், நீங்க பக்கத்துல உட்காருங்க.
சொல்லித்தர வேணாம். கேள்வி வேணாம்.
அவங்க செய்யறத வாயால சொன்னா போதும்.
"தம்பி சிவப்பு லாரிய ஏத்துறான்."
"தம்பி லாரிய கவுத்துறான்."
நாளைக்கு எட்டு மூட்டை உதிரிப்பழம் பொறுக்குகிறேன்
செம்பனைக் காட்டில்;
இந்தப் பத்து நிமிஷத்தில்தான் முதுகு ஒடிகிறது.
யாழ்வினி கதவோரம் நின்று பார்ப்பாள்.
அடுப்பை அணைத்தேனா என்று போய்ப் பார்ப்பாள்.
என் கைப்பையை முகர்ந்து பார்ப்பாள்.
முகரட்டும்.

அவளுக்கும் ஒரு வீட்டுப்பாடம்:
புட்டி கழுவும் வேலையை
அம்மாவிடம் திருப்பிக் கொடு.
கொடுத்தாள்.
நான் கழுவியதை மறுபடி கழுவினாள்.

ஏழாவது செவ்வாய் கோப்பை என்னைக் காட்டிக்கொடுத்தது.
அதைப் பற்றி எழுத மாட்டேன்.
ஒரு சாண் விலகியிருந்த நாற்காலி
அன்று பழைய இடத்துக்கே வந்தது
என்று மட்டும் சொல்கிறேன்.

பதினாலாவது வாரம், மழை.
காட்டுத் தண்ணீர் சாலைக்கு ஏறிய இரவு.
மூன்று மணி இருக்கும்.
என் தோளில் ஒரு விரல்.
"அம்மா."
இரண்டு வருஷமாக அவள் என்னை எழுப்பியதில்லை.
எழுப்பி எழுப்பிப் பார்த்துவிட்டு
நிறுத்திக்கொண்டவள்.
"அம்மா, தம்பிக்குச் சுடுது."

எழுந்தேன்.
எழுந்துவிட்டேன்.
சுவிட்ச், துணி, பச்சைத்தண்ணீர்,
மருந்து மூடியில் அஞ்சு மில்லிக் கோடு.
கை ஆடியதில் கோடும் ஆடியது.
அவள் குனிந்து, மூடியைக் கண்ணுக்கு நேராக வைத்து,
தலையசைத்தாள்: சரி.

விடிய விடிய அனத்தினான் கவின்.
நான் ஈரத்துணியை மாற்றிக்கொண்டே இருந்தேன்.
என் பாயோரம் சாய்ந்தவள்
எனக்கு முன்னால் தூங்கிப்போனாள்,
வாய் திறந்து, எச்சில் வழிய.
தம்பியின் சட்டை நுனியை மட்டும்
விடவில்லை.