ஊமைக் கட்டை

காசு போட்டால்தான் ஏறும் எங்கள் லிஃப்ட்.
எவ்வளவு போட்டாலும் பியானோ அதற்குள் போகாது.
நாலு பேர், நாலு மாடி,
ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கெட்ட வார்த்தை.
குட்டாயிசியின் பாதித் தெரு நின்று பார்த்தது.
டோர்னிகே முன்னால் ஓடிக் கதவுகளைத் தட்டினான்:
"எங்கள் பசு வருகிறது, வழி விடுங்கள்!"

பசு என்றுதான் சொன்னான்.
பழுப்பு நிறம், பெரிய வயிறு,
உள்ளே ஏதோ முனகல்.

அவனுக்கு ஐந்தரை வயது.
அன்றிலிருந்து ஆளுக்கொரு அளவுகோல்.
இசைப்பள்ளி எழுத்தர் சொன்னாள்: முன்பல் விழட்டும்.
மல்ஹாஸ், என் கணவன்: ஷூ லேஸைத் தானே கட்டட்டும்.
கீழ்வீட்டு லமாரா, இரவுப்பணி செவிலி:
அவனுக்கு நாற்பது வயதாகட்டும்,
இல்லையென்றால் நான் செத்துப்போகட்டும்.

நானும் அளந்தேன், மறைக்கவில்லை.
அவன் தூங்கும்போது கையை விரித்து
கட்டைவிரல் முதல் சுண்டுவிரல் வரை
தையல் நாடாவை வைத்தேன்.
பதினொன்றரை சென்டிமீட்டர்.
ஐந்து வெள்ளைக் கட்டை, கொஞ்சம் இழுத்தால்.
எதற்கு உதவும் என்று தெரியாமல்
மருந்துக்கடை ரசீதின் பின்னால் எழுதிவைத்தேன்.

என்னை நாலு வயதில் உட்காரவைத்தார்கள்.
கால் தரைக்கு எட்டவில்லை,
கீழே ஒரு சூட்கேஸ் வைத்தார்கள்.
எந்த ஊருக்கும் போகாத சூட்கேஸ்.
ஏழு வருடம்.
இன்றும் யாராவது மேசையில் விரலால் தட்டினால்
என் முதுகு தானாக நிமிர்கிறது.
அதனால்தான் முக்காலி இன்னும் வாங்கவில்லை.
காசில்லை என்பதும் உண்மை.

அவனோ பியானோவை வாசிப்பதில்லை, ஓட்டுகிறான்.
பெடல்தான் ஆக்சிலரேட்டர்.
மூடியின் விளிம்பில் பேருந்து நிறுத்தங்கள்.
இடக்கோடியில் இடி, வலக்கோடியில் எலி.
பத்து நிமிடம்.
பிறகு சைக்கிள் வேண்டும் என்று அழுகை.

டிசம்பரில் ஒரு மாலை மின்சாரம் போனது.
நான் சமையலறையில் தீப்பெட்டி தேடினேன்.
இருட்டில் அவன் கட்டைகளை ஒவ்வொன்றாக
அழுத்திக்கொண்டு வந்தான்,
படியேறுகிறவன் மாதிரி.
நடுவில் ஒரு கட்டை ஊமை.
இரண்டாம் மாடித் திருப்பத்தில்
சுவரில் இடித்தபோது செத்தது அது.
விரல் அதன்மேல் வந்தது.
ஓசை இல்லை.
ஒரு மூச்சு நேரம்.
அப்புறம் அவன் வாயிலிருந்து வந்தது
அந்த இடத்துக்குரிய அதே சுரம்,
மயிரிழைகூட விலகாமல்.
பிறகு அடுத்த கட்டை. அடுத்தது.
இறங்கி வரும்போதும்
படி உடைந்த இடத்தில் குரலை வைத்து
தாண்டிப் போனான்.

தீப்பெட்டி கையில்தான் இருந்தது.
நான் கிழிக்கவில்லை.

மறுநாள் லமாரா மேலே வந்தாள்.
திட்டத்தான் என்று நினைத்தேன்.
"ஒரு சத்தம் மட்டும் வேறு மாதிரி கேட்கிறதே, அது என்ன?"
"அது பையன்," என்றேன்.
கதவருகே கொஞ்ச நேரம் நின்றாள்.
"எட்டிலிருந்து பன்னிரண்டு வரை தூங்குவேன்.
மற்ற நேரம் உங்கள் இஷ்டம்."

இப்போது ஃப்ரிட்ஜ் கதவில் இரண்டு எண்கள்.
ஒன்று டீச்சர் நானுலியுடையது.
மற்றது சுருதி சேர்ப்பவருடையது.
யாரை முதலில் அழைப்பது?
கட்டை பிழைத்துவிட்டால் அவன் பாடுவானா?
மல்ஹாஸ் சிரிக்கிறான்:
பசுவைக் கட்டிவிட்டு வைக்கோலுக்கு யோசிக்கிறாய்.

டோர்னிகேயிடமே கேட்டேன், டீச்சரிடம் படிக்கிறாயா என்று.
"அவருக்கு ஊமைக் கட்டையின் சத்தம் தெரியுமா?"
தெரியாது, என்றேன்.
"சரி. செவ்வாய்க்கிழமை வரச் சொல்."

கிழமைகளின் வரிசை அவனுக்கு இன்னும் தெரியாது.
எழுதிக்கொண்டேன்: செவ்வாய்.
படியிறங்கி ஓடினான்,
இரண்டு ஷூவிலும் லேஸ் அவிழ்ந்து கிடக்க.