தை மாதத்து ஒன்றரை மீட்டர்

சந்தூருக்கு மேற்கே, பூ வெடித்த தோப்பில்
முக்காலி ஊன்றி இது மூன்றாம் நாள்.
சர்வே எண் இருநூற்றுப் பதினான்கு, உட்பிரிவு கேட்டு மனு.
மனுதாரர் திம்மக்கா.
எதிர்மனுதாரர் கூடப்பிறந்த முனிராசு.
நடுவில் ஒரு பெங்களூரா மரம்.

காலையில் கருவி
மரத்தைத் திம்மக்காவுக்குக் கொடுத்தது.
மூன்று மணிக்கு முனிராசுக்கு.
"மிஷினுக்கு யார் மேடம் காசு குடுத்தது?"
தனித்தனியாக வந்து
இருவரும் கேட்டார்கள், ஒரே குரலில்.

திரையில் 'ஃப்ளோட்' என்றே நிற்கிறது, 'ஃபிக்ஸ்' ஆகவில்லை.
பேட்டரி மாற்றினேன். குமிழி நடுவில்தான் இருக்கிறது.
வானமோ துலக்கிக் கவிழ்த்த எவர்சில்வர் தட்டு,
பழி போட ஒரு மேகத் துணுக்கு இல்லை.

தெற்கே காந்தமானி பார்க்கும் பெனிட்டாவைக் கூப்பிட்டேன்.
"வடதுருவத்துல, வெயிலே எட்டாத இருட்டுல,
நாலு நாள்ல நாப்பது டிகிரி ஏறியிருக்கு" என்றாள்.
அதுக்கும் சந்தூருக்கும் என்னடி?
"சூடு அங்கேயே நின்னுடும். ஓதம்தான் இங்க வரும்."

அப்புறம் அவள் சொன்னதை
மரநிழலில் உட்கார்ந்து எனக்கே சொல்லிப் பார்த்தேன்:

பனிக்காலம் முழுக்கத் துருவத்தைச் சுற்றிய காற்றின் செக்கு
கீழே மலைத்தொடர்கள் கிளப்பிய பேரலை மோதி
இரண்டாய்ப் பிளந்துவிட்டது.
செக்கு உடைந்ததும் மேலேறும் வழிகள் மாறுகின்றன.
கடற்கரையே இல்லாத இந்த மாவட்டத்துக்கு மேலும்
ஒரு கடல் பொங்கி வடிகிறது, கண்ணுக்குத் தெரியாமல்.
வெயில் சுட்டு எழுப்புவது பெரும்பங்கு.
நிலா இழுத்து எழுப்புவது,
பட்டாவில் பேர் ஏறாத பங்கு.
எங்கோ துருவம் கொதிக்கிற வருஷம்
அந்தப் பேரில்லாத பங்கு எழுந்து நிற்கிறது.

நூறு கிலோமீட்டர் உயரத்தில்
அது மின்னேறிய காற்றைப் பிடித்து உலுக்குகிறது.
காலையில் அயனிகளை அள்ளி மேலே வீசி
பிற்பகலில் அமுக்கிக் கீழே தள்ளுகிறது.
செயற்கைக்கோள் சொல்லும் சேதி
அந்த நுரைக்குள் இடறித் தாமதிக்கிறது.
நொடியில் நூறுகோடியில் சில பங்குதான்.
பூமியில் அதற்குப் பேர்
ஒன்றரை மீட்டர், ஒரு மாமரம்.

களப்புத்தகத்தைப் புரட்டினேன்.
பிழை உச்சம் தொட்ட நேரங்கள்:
பூசத்தன்று ஒன்பது முப்பத்தைந்து.
மறுநாள் பத்து இருபத்தைந்து.
இன்றைக்குப் பதினொன்றேகால்.
நாளுக்கு ஐம்பது நிமிடம் பிந்தி வருகிற ஆள்
வானத்தில் ஒருத்தர்தான்.
சூரியன் இப்படித் தாமதமாக வராது.

விடியலுக்கு முன் நாலு மணிக்கு வரச்சொன்னேன்.
மேலே எல்லாம் மெலிந்து படுத்திருக்கும் நேரம்.
டார்ச் வெளிச்சத்தில் திம்மக்கா, மப்ளருக்குள் முனிராசு,
கொட்டாவியோடு தலையாரி.
மேற்கே சரிந்த தேய்பிறை,
யார் வழக்கோ என்பதுபோல.
எட்டே நொடியில் 'ஃபிக்ஸ்'.

மரம் இருவருக்கும் இல்லை.
வண்டிப்பாதைப் புறம்போக்கு.

முனிராசு மண்ணைப் பார்த்தான்.
திம்மக்கா சிரித்த சிரிப்பில் தலையாரிக்குத் தூக்கம் கலைந்தது.
"அப்பன் முப்பது வருஷம் கவர்மெண்டு மரத்துக்கா
தண்ணி ஊத்துனான்" என்றாள்.
பிறகு சிரிப்பை நிறுத்தி,
"மரம் போகட்டும். என் பாதி நிலம்?" என்றாள்.
அதை அளந்து கல் நட்டபோது விடிந்துவிட்டது.

அறிக்கையில் 'தாமதத்துக்கான காரணம்' என்று ஒரு கட்டம்.
நிலா என்று எழுதி அடித்தேன்.
சிக்னல் கோளாறு என்று எழுதினேன்.

பன்னிரண்டு மணி தாண்டி ஐந்து நிமிடம்.
எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும் முன்
தேவையே இல்லாமல் கருவியை ஆன் செய்தேன்.
வந்திருந்தது.