சத்தம் வரல மிஸ்

அஸ்தம்பட்டி, இரண்டாம் மாடி.
அரிசி டப்பா மேல் அகராதி,
அகராதி மேல் கைபேசி.
என் வகுப்பறை இவ்வளவுதான்.
பத்தாம் வகுப்பு 'பி' பிரிவு,
நாற்பத்திரண்டு கறுப்புக் கட்டங்கள்,
ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு முதலெழுத்து
பூட்டிய கதவில் சாக்பீஸால் கிறுக்கியதுபோல.

அன்றைக்குக் குவிலென்சு.
முதன்மைக் குவியம், ஒளியியல் மையம் என்று
கையை ஆட்டி, புருவத்தை ஏற்றி,
நடுநடுவே "புரிஞ்சுதா?" என்று கேட்டு,
பதில் வராததைப் புரிந்ததாக எடுத்துக்கொண்டு
பதினெட்டு நிமிடம் நடத்தினேன்.
பிறகுதான் ஒரு செய்தி:
"மிஸ் சத்தம் வரல."

அனுப்பியவன் கா. தீர்த்தமலை.
அனுப்பிய நேரம் 9.02.
வந்து சேர்ந்தது 9.20.
இருபது கொண்டை ஊசி வளைவையும்
நடந்தே இறங்கியிருக்கும் போல.

மைக்கின் மேல் சிவப்புக் கோடு.
ஊமைப்படம் ஓட்டியிருக்கிறேன்.
மிச்சம் நாற்பத்தொரு பேர்?
கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.
ஆசிரியர் பயிற்சியன்று
என் பெயரை மட்டும் உட்காரவைத்துவிட்டு
வெங்காயம் நறுக்கப் போனவள்தானே நானும்.

அந்தக் கேள்வியை அன்றோடு விட்டேன்.
"புரிஞ்சுதா"வுக்கு உலகத்தில் ஒரே பதில்,
"எஸ் மிஸ்."
இப்போதெல்லாம்,
"மெழுகுவத்திய குவியத்துக்கிட்ட நகர்த்துனா
பிம்பம் எங்க போவும்? குபேந்திரா, நீ சொல்லு."
கேட்டுவிட்டு எண்ணுகிறேன்.
ஆறில் நாக்கு அரிக்கும்.
எட்டில், நானே சொல்லித் தொலைக்கலாமா என்றிருக்கும்.
பதினொன்றில்
அம்மாப்பேட்டையின் நான்கு விசைத்தறியும்
ஒன்றாய்த் திறந்துகொண்டன.
சடக் சடக்குக்கு அடியில் ஒரு குரல்:
"தூரமாப் போவும் மிஸ். தப்பா இருந்தாலும் இருக்கும்."
தறிச்சத்தம் கேட்டுச் சிரிப்பார்களென்று
ஒன்றரை மாதம் வாய் திறக்காதவன்.
"சரியான பதில். மைக்க மூடாத, ஓடட்டும்" என்றேன்.

தீர்த்தமலைக்கு வேறு கணக்கு.
செம்மநத்தத்துக்கு மேலே, காப்பித் தோட்டம் தாண்டி,
ஒரே ஒரு பாறையில் இரண்டு கோடு சிக்னல்.
தினம் ஒன்றரை ஜிபி, அதில் பாதி அண்ணனுக்கு.
"படம் எறங்காது மிஸ். வாயால வரைங்க."

வாயாலயா?
பதினோரு வருடம் "இதோ பாருங்க" என்று சொல்லியே
பிழைத்தவள் நான்.
முதல் முயற்சியில் லென்சு பூசணிக்காய் ஆயிற்று.
அடுத்ததில் கதிர் தாளைவிட்டே வெளியேறியது.

"மூணு தீப்பெட்டி நீளத்துக்கு ஒரு படுக்கைக் கோடு.
நடுவுல காப்பிக்கொட்டைய நிமித்தி வச்சாப்புல..."
"காப்பிக்கொட்டை ஒரு பக்கம் தட்டை மிஸ்."
"ஆமால்ல."
"ரெண்டு கொட்டைங்களா? தட்டைப் பக்கம் ஒட்டிக்கிட்டு,
பழத்துக்குள்ள இருக்கற மாதிரி?"
அதேதான்.
பாடநூலில் இப்படி ஒரு வரி இல்லை.
மறுநாள் மொத்த வகுப்புக்கும் அதைத்தான் சொன்னேன்,
அவன் பெயரோடு.

இரவு பதினொன்று நாற்பதுக்கு
அவன் நோட்டின் ஒரு பக்கம் வந்திருந்தது.
தலைகீழ் அம்புக்குறி, கச்சிதம்.
ஓரத்தில் ஓர் எறும்பு.
கீழே பென்சிலில்:
"நாலாம் கணக்கு வரல.
மூணாவது வரி வரைக்கும் சரி.
அதுக்கப்புறம் கழித்தல் குறி சந்தேகம்."

எனக்கு எதுவுமே வரல என்று எழுதலாம்.
பக்கத்து வீட்டு விடையைப் படமெடுத்து அனுப்பலாம்.
எந்த இடத்தில் இருட்டென்று
விரல் வைத்துக் காட்டியிருக்கிறான்.
எனக்கு அது வர
முப்பது வயதாயிற்று.

காலையில் மாடிக்குப் போனேன்.
எதிரே சேர்வராயன் மலை,
மேல்பாதியை மேகம் அழித்திருந்தது.
எந்தப் பாறையோ.
குரல்பதிவை அழுத்துமுன்
மைக்கை இரண்டு முறை பார்த்துக்கொண்டேன்.
"தீர்த்தமலை, அந்த மூணாவது வரி இருக்குல்ல..."