மூடாத லாச்சி

பள்ளிக்கூடத்தில் என் பெயர் லாச்சி.
கொட்டாஞ்சேனைக் கொன்வென்டில், ஐந்தாம் வகுப்பில்,
யாரோ ஒருத்தி வைத்தது.
என் கீழ்ப்பல் முன்னுக்கு வந்து மேல்பல்லை மூடி நிற்கும்,
இழுத்துவிட்டுத் தள்ள மறந்ததுபோல.
மோசமான பெயர், ஆனால் சரியான பெயர்.
அந்த வகுப்பிலே உவமை தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

இப்போது ஹாட்வெயார் கடையில் கேஷியர்.
ஒவ்வொரு பில்லுக்கும் மெஷினின் லாச்சி
டிங் என்று வந்து என் வயிற்றில் இடிக்கும்.
தள்ளி மூடுவேன். நாளைக்கு இருநூறு தடவை.

அப்பாவுக்கும் இதே நாடிதான்.
அவர் தாடி வைத்துத் தப்பிவிட்டார்.

மெலானிக்கு எட்டு வயது.
புதிதாய் முளைத்த முன்பல் இரண்டும்
கீழ்வரிசைக்குப் பின்னால் போய் ஒளிந்ததை
முதலில் காட்டிக்கொடுத்தது பாண்.
தட்டில் மிச்சம் வைத்த துண்டில் அவள் கடித்த தடம்,
ஓரம் பிய்ந்து, வளைவு தலைகீழாக.
எனக்கு நன்றாகத் தெரிந்த கையெழுத்து.

வார்ட் பிளேஸ். விடிய ஐந்தரைக்கே நம்பர் துண்டு.
டொக்டர் விதானகே எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து
பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலுமாகச் சொன்னார்:
"கீழ்த்தாடை நீளமில்லை, அம்மா.
மேல்தாடைதான் பின்னுக்கு நின்றுவிட்டது.
உங்களுக்கும் அப்படித்தான்போல."
இத்தனை வருடமும் நான் திட்டியது
குற்றமே செய்யாத எலும்பை.

பிள்ளையின் அண்ணம் இன்னும் இறுகாத சீமெந்து என்றார்;
இப்போது இழுத்தால் வரும், பிந்தினால் கஷ்டம்.
என்னைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரே பார்த்தார்.
"உங்களுக்கு வளர்ச்சி முடிந்தது. ஒன்றரை வருடம் கிளிப்,
பிறகு எலும்பை வெட்டி, நகர்த்தி, தகடும் ஸ்குரூவும்."
எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்க
வாய் வரைக்கும் வந்தது, கடைப் பழக்கத்தில்.

இரவு எட்டு மணி. வாயைத் திற.
அண்ணத்தில் ஒட்டிய பொறியில்
ஊசிபோல் ஒரு சாவியை விட்டு, கால் சுற்று.
கடுகில் பாதிகூட நகராது.
"மூக்குக்குள்ள இறுக்குது அம்மா."
பிறகு முகத்துக்குக் கூடு: நெற்றியில் ஒரு மெத்தை, நாடியில் ஒன்று,
நடுவே கம்பி, இரண்டு பக்கமும் ரப்பர் வளையம்
மேல்தாடையைப் பிடித்து முன்னுக்கு இழுக்க.
கரண்ட் போன இரவுகளில் நாடி வெந்து சிவக்கும்,
பவுடர் போட்டு விசிறுவேன்.
ரப்பர் அறுந்து கட்டிலுக்கடியில் ஓடினால்
டோர்ச்சோடு நானும் தவழ்வேன்.
தம்பி சொன்னான்: விக்கெட் கீப்பர்.
அன்றிலிருந்து படுக்கையில் அவளுக்குக் கையுறையும் வேண்டும்.

ஒன்பதாம் மாதம், காலிமுகத்திடல், இறால் வடை.
நான் வழக்கம்போல் கடைவாயில் வைத்துக் கிழித்தேன்.
அவள் முன்னாலேயே கடித்தாள். இறாலின் வால்
கத்தரித்ததுபோல் விழுந்தது.
பாதி வடையைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தேன்.
"என்ரை வடை!" என்று அழுதாள்.
பதினாலில் திரும்பவும் கீழ்த்தாடை ஓடக்கூடும்
என்று டொக்டர் எச்சரித்திருந்தார்.
அது அப்போது. இந்த வடை இப்போது.

எனக்குத் தந்த ஃபோம் கடை லாச்சியில்,
ஆயிரம் ரூபாய்த் தாள்களுக்குக் கீழே.
ஆறு கிழமை கஞ்சி. கீழுதடு மரத்தாலும் மரக்கலாம்.
"உன்னை இப்படித்தானே நான் கட்டினேன்" என்கிறார் இவர்.
நல்ல மனது. ஆனால் மென்று பார்ப்பவர் அவரில்லை.

நேற்று மெலானி சாவியைப் பிடுங்கிக்கொண்டாள்.
"இண்டைக்கு உங்கட முறை. ஆ காட்டுங்கோ."
காட்டினேன். டோர்ச்சின் சூடு நாக்கில் பட்டது.
நெடுநேரம் தேடினாள்.
"அம்மா, உங்கட வாயில ஓட்டையே இல்லையே.
சாவியை எங்க போடுறது?"